டெக்சாவை எங்கே போடுவது?

தோள்பட்டையிலோ முன்கையிலோ அறுவை சிகிச்சை செய்துகொண்ட யாரையாவது கேட்டுப் பாருங்கள், எந்த நேரம் ரொம்பக் கஷ்டமாக இருந்தது என்று. ஆபரேஷன் தியேட்டரை அவர்கள் சொல்வதில்லை. அன்று ராத்திரி ஒரு மணி, இரண்டு மணியைத்தான் சொல்வார்கள். காலையில் கழுத்தோரத்தில் போட்ட ஊசியால் கை முழுக்க மரத்துக் கிடந்திருக்கும். சாயங்காலம் பார்க்க வந்த சொந்தக்காரர்களோடு நன்றாகப் பேசிக்கொண்டிருந்திருப்பார்கள். வார்டில் விளக்கை அணைத்த பிறகு மருந்தின் வீரியம் இறங்கும். பகலெல்லாம் தெரியாமல் இருந்த வலி மொத்தமாக வந்து இறங்கும். அந்த நேரத்தில் வார்டில் இருப்பது ஒரு நர்ஸ்தான். அவரும் வேறு கட்டிலருகே நிற்பார்.

நான் மயக்க மருத்துவர். அறுவை சிகிச்சை நடக்கும் இரண்டு மணி நேரத்தைப் பார்த்துக்கொள்வது எங்கள் வேலையில் சுலபமான பாதி. அந்த ராத்திரியை எப்படிக் கடக்க வைப்பது என்பதுதான் மிச்சம். அதற்காக நாங்கள் கையிலெடுக்கும் ஒரு சின்னக் குப்பி மருந்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை: டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, சுருக்கமாக டெக்சா. ‘டெக்சோனா’ என்ற பெயரில் பலருக்கும் தெரிந்திருக்கும். மரத்துப்போகும் மருந்தோடு இதையும் சேர்த்தால் மரப்பு பல மணி நேரம் நீள்கிறது. இதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் அதை நரம்போரத்தில் போட வேண்டுமா, கையில் ஏற்கெனவே இருக்கிற ஐ.வி. வழியாக ரத்தத்தில் போட்டால் போதுமா என்பதில் எங்களுக்குள் இன்னும் பேச்சு ஓயவில்லை. நான் ரத்தத்தில் போடுகிற கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அந்தக் கழுத்தோர ஊசி. கைக்கான நரம்புகள் கழுத்திலும் மார்பின் உச்சியிலும் தண்டுவடத்திலிருந்து ஐந்து வேர்களாகக் கிளம்பி, காறை எலும்புக்குப் பின்னால் ஒன்றுசேர்ந்து, அக்குள் வழியாகக் கைக்குள் இறங்குகின்றன. காறை எலும்புக்கு மேலே அல்ட்ராசவுண்டு கருவியை வைத்துப் பார்த்தால் துடிக்கும் ரத்தக்குழாயை ஒட்டி ஒரு திராட்சைக் கொத்து மாதிரி அவை தெரியும். அந்தக் கொத்தைச் சுற்றி 20, 25 மி.லி. மருந்தைச் செலுத்தினால் தோளுக்குக் கீழே கை முழுக்க உணர்வு போய்விடும். இதை நாங்கள் ‘பிளாக்’ என்போம். உடைந்த எலும்புக்குத் தகடு வைப்பது, டயாலிசிஸ் நோயாளிக்குக் கையில் ஃபிஸ்டுலா என்ற ரத்தக்குழாய் இணைப்பை அமைப்பது எல்லாவற்றையும் நோயாளி விழித்திருக்கும்போதே செய்து முடிக்கலாம். சிறுநீரகம் செயலிழந்தவருக்கும் இதயம் பலவீனமானவருக்கும் முழு மயக்கத்தைத் தவிர்க்க முடிகிறது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது எங்களுக்குத்தான் தெரியும். (நம் நாட்டில் இந்த அல்ட்ராசவுண்டு கருவியைத் தியேட்டருக்குள் வைக்க, கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பதிவு செய்தாக வேண்டும். சட்டம் மிகவும் தேவையானது. ஆனால் அந்தக் காகித வேலைக்குத் தயங்கி, கருவியே வாங்காமல் விட்ட சிறிய மருத்துவமனைகளும் உண்டு.)

மரப்பு மருந்து நரம்பிழைக்குள் நுழைந்து, சோடியம் அயனிகள் உள்ளே வரும் வாசல்களை உட்புறமிருந்து அடைக்கிறது. சோடியம் நுழையாவிட்டால் வலிச் செய்தி நகராது. ரத்த ஓட்டம் மருந்தை மெல்ல மெல்ல அள்ளிக்கொண்டு போனதும் வாசல்கள் திறக்கும், வலியும் திரும்பும். அப்படியானால் மருந்தை அதிகமாகப் போட்டால் நீண்ட நேரம் நிற்குமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். நாங்கள் அதிகம் பயன்படுத்தும் பியூபிவாகேன் என்ற மரப்பு மருந்தை உடல் எடையில் கிலோவுக்கு 2 மி.கி. என்ற அளவுக்குள் வைத்துக்கொள்வது வழக்கம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 120 மி.கி. 0.5 சதவீதக் கரைசலில் 1 மி.லி.க்கு 5 மி.கி. இருக்கிறது. ஆக 24 மி.லி.யோடு கணக்கு முடிந்தது. அதைத் தாண்டி ரத்தத்தில் ஏறினால் வலிப்பு வரும், இதயம் நின்றுபோகும். அப்படி நின்ற இதயத்தை மீட்பது மிகவும் கடினம் என்று 1979இல் ஜார்ஜ் ஆல்பிரைட் என்ற அமெரிக்க மயக்க மருத்துவர் எழுதியபோதுதான் உலகம் விழித்துக்கொண்டது. இதற்கு முறிவு மருந்தாகக் கொழுப்புக் கரைசல் உதவும் என்பது 1998இல் வைன்பெர்க் என்ற அமெரிக்க மயக்க மருத்துவர் எலிகளில் செய்த ஆய்வில் தெரியவந்தது. இன்று பிளாக் போடும் அறையில் 20 சதவீதக் கொழுப்புக் கரைசல் பாட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாக வேண்டும்.

மருந்தின் அளவைக் கூட்ட முடியாது. அதனால் கூட ஒரு துணை மருந்தைச் சேர்ப்பது என்ற யோசனை, பிளாக் என்ற வித்தை பிறந்த காலத்திலேயே வந்துவிட்டது. 1884இல் வியன்னாவில் கார்ல் கோலர் கண்ணில் கோகெய்ன் சொட்டு விட்டு உணர்வை நீக்கிக் காட்டினார். உடனே நியூயார்க்கில் வில்லியம் ஹால்ஸ்டெட் அதை நரம்பருகே ஊசியாகப் போட ஆரம்பித்தார். தன்மீதே செய்த சோதனைகளில் கோகெய்னுக்கு அடிமையாகி அவர் பட்ட பாடு பெரிய கதை. 1903இல் ஜெர்மனியில் ஹைன்ரிஷ் பிரவுன் கோகெய்னோடு அட்ரினலினைச் சேர்த்தார். ரத்தக்குழாய் சுருங்கினால் மருந்து மெதுவாகத்தான் வெளியேறும் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கு சரி. பல் மருத்துவர் போடும் ஊசியில் இன்றைக்கும் அட்ரினலின் இருக்கிறது. லிக்னோகேன் என்ற குறுகிய நேர மரப்பு மருந்துக்கு அது நன்றாக உதவும். பியூபிவாகேன் தானே நெடுநேரம் நிற்கக்கூடியது, அதற்கு அட்ரினலினால் பெரிய லாபமில்லை.

பிறகு வந்த பட்டியல் நீளமானது: கிளோனிடின், புப்ரெனார்ஃபின், மிடாசோலம், மக்னீசியம், டெக்ஸ்மெடிடோமிடின். நம் நாட்டில் மயக்கவியல் எம்.டி. ஆய்வேடுகளைப் புரட்டினால் இந்தத் துணை மருந்துகளில் இரண்டை ஒப்பிடுகிற தலைப்பு அடிக்கடி கண்ணில் படும். ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு. ஒன்று குமட்டலைக் கொடுக்கும், ஒன்று நாடித்துடிப்பைக் குறைக்கும், ஒன்று தூக்கத்தில் ஆழ்த்தும். நரம்பருகே மெல்லிய குழாய் ஒன்றைச் செருகிவைத்து மருந்தைத் தொடர்ந்து ஏற்றலாம், அது நல்ல வழிதான். ஆனால் குழாய் நகர்ந்துவிடும், செலவு கூடும், ராத்திரி அதைக் கவனிக்க ஆள் வேண்டும். முதல் பத்தியில் சொன்ன அந்த ஒற்றை நர்ஸை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில்தான் டெக்சா வருகிறது. 1950களின் இறுதியில் உருவாக்கப்பட்ட மருந்து. ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டைப் போல சுமார் 25 மடங்கு வீரியம், உடலில் உப்பையும் நீரையும் தேக்கும் குணம் கிட்டத்தட்ட இல்லை. 2 மி.லி. குப்பியில் 8 மி.கி. இருக்கும். விலை சில ரூபாய்கள்தான். அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய வாந்தியைத் தடுக்க நாங்கள் தினமும் கொடுக்கிற மருந்து. 2020இல் கொரோனா காலத்தில், பிரிட்டனில் நடந்த ‘ரெக்கவரி’ ஆய்வு, தினம் 6 மி.கி. டெக்சா வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது என்று காட்டியபோது உலகமே இதன் பெயரைத் தெரிந்துகொண்டது.

பிளாக்கில் அது என்ன செய்கிறது? 2011இல் வெளியான ஓர் ஆய்வில், தோள்பட்டை அறுவை சிகிச்சைக்கான பிளாக்கில் 8 மி.கி. டெக்சாவைச் சேர்த்தபோது, ரோபிவாகேன் என்ற இன்னொரு மரப்பு மருந்து தந்த வலி நிவாரணம் 11.8 மணி நேரத்திலிருந்து 22.2 மணி நேரமாக நீண்டது. பியூபிவாகேனில் 14.8 மணி நேரம் 22.4 ஆனது. 2014இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும் இதையே கண்டார்கள்: நீண்டநேர மருந்துகளில் சராசரி 730 நிமிடம் 1,306 நிமிடமாகிறது. சுமார் 12 மணி நேரம் கிட்டத்தட்ட 22 மணி நேரமாகிறது. காலை பத்து மணிக்குப் போட்ட பிளாக் ராத்திரி பத்து மணிக்கு இறங்குவதற்கும் மறுநாள் காலை எட்டு மணிக்கு இறங்குவதற்கும் உள்ள வித்தியாசத்தை, ஒரு ராத்திரி அந்த வார்டில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். அட்ரினலினுக்குப் பிறகு இவ்வளவு மலிவாக இவ்வளவு பெரிய பலன் தந்த துணை மருந்து வேறில்லை என்பது என் கருத்து.

ஆனால் ஒரு கேள்வி. நரம்போரத்தில் போட்ட டெக்சா அங்கேயே உட்கார்ந்திருக்காது. கொஞ்ச நேரத்தில் ரத்தத்தில் கலந்து உடலெங்கும் போகும். அப்படியானால் மரப்பை நீட்டியது நரம்போரத்தில் இருந்த டெக்சாவா, ரத்தத்தில் போன டெக்சாவா? தொடக்க கால ஆய்வுகள் பலவற்றில் இரண்டே பிரிவுகள்தான் இருந்தன: டெக்சா சேர்த்த பிளாக், சேர்க்காத பிளாக். அந்த அமைப்பில் இந்தக் கேள்விக்குப் பதிலே கிடைக்காது. மூன்றாவதாக ஒரு பிரிவு வேண்டும், பிளாக்கில் வெறும் மரப்பு மருந்தும் ரத்தத்தில் டெக்சாவும் பெற்றவர்கள்.

2013இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த டெஸ்மெட் குழு அதைச் செய்தது. தோள்பட்டை அறுவை சிகிச்சை, ரோபிவாகேன் பிளாக், 10 மி.கி. டெக்சா. வெறும் ரோபிவாகேன் பெற்றவர்களுக்கு வலி நிவாரணத்தின் இடைநிலை நேரம் 757 நிமிடம். நரம்போரத்தில் டெக்சா பெற்றவர்களுக்கு 1,405 நிமிடம். ரத்தத்தில் பெற்றவர்களுக்கு 1,275 நிமிடம். ரத்தத்தில் போட்டாலும் கிட்டத்தட்ட அதே பலன்! இதை முதன்முதலில் படித்தபோது எனக்குள் ஏற்பட்ட நிம்மதியை மறைக்க விரும்பவில்லை. நரம்புக்குப் பக்கத்தில் எதையும் புதிதாகக் கொண்டுபோய் வைக்காமலே நோயாளிக்கு அந்த ராத்திரியைக் கொடுத்துவிடலாம் என்றல்லவா அர்த்தம். அதே குழு 2015இல், ரத்தத்தில் வெறும் 2.5 மி.கி. போட்டாலே நேரம் நீள்கிறது என்றும் காட்டியது.

எதிர்க்கட்சிக்கும் பதில் இருக்கிறது, நல்ல பதில்தான். 2017இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 35 ஆய்வுகளைச் சேர்த்து அலசியது. எதுவும் சேர்க்காத பிளாக்கோடு ஒப்பிட்டால், நரம்போர டெக்சா உணர்வு மரப்பைச் சராசரியாக 6.7 மணி நேரம் நீட்டியது; ரத்தத்தில் போட்ட டெக்சா 6.2 மணி நேரம். ஆனால் இரண்டையும் நேருக்கு நேர் மோதவிட்ட ஆய்வுகளை மட்டும் எடுத்தால், நரம்போரம் 3 மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக முந்தியது. மூன்று மணி நேரம் சின்ன விஷயமா என்று என் சக மருத்துவர்கள் கேட்கிறார்கள். சின்ன விஷயமில்லை. ஸ்டீராய்டு, வலியைக் கொண்டுபோகும் மெல்லிய நரம்பிழைகளை நேரடியாக அடக்குகிறது என்று ஆய்வகச் சோதனைகள் சொல்வதையும் அவர்கள் எடுத்துக்காட்டுவார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இதற்குப் பிறகு வந்தது. 2019இல் வியன்னாவில் மார்ஹோஃபர் குழு, எந்த அறுவை சிகிச்சையும் இல்லாத ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்கு முன்கையில் சுண்டுவிரல் பக்கம் போகும் அல்நார் நரம்பை மட்டும் மரத்துப்போகச் செய்தது. 4 மி.கி. டெக்சாவை ஒருமுறை நரம்போரத்தில், ஒருமுறை ரத்தத்தில், ஒருமுறை எதுவுமில்லாமல். அதே ஆட்களுக்கே மாற்றி மாற்றி. பிளாக்கின் நேரத்தில் சொல்லும்படியான நீட்சி எந்த வழியிலும் இல்லை. இதன் பொருளை யோசித்துப் பாருங்கள். டெக்சா நரம்பையே நெடுநேரம் உறங்க வைப்பதாக இருந்தால், காயம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மரப்பு நீண்டிருக்க வேண்டும். காயமே இல்லாதபோது பலனும் இல்லை. அறுத்த இடத்தில் வீக்கத்தையும் அழற்சியையும் டெக்சா அடக்குகிறது, அதனால் பிளாக் இறங்கத் தொடங்கிய பிறகும் வலி தலைதூக்க நேரமாகிறது. அந்த நேரத்தையும் சேர்த்துத்தான் நாம் பிளாக் நீண்டது என்று எண்ணியிருக்கிறோம். நான் இப்படித்தான் படிக்கிறேன். ஒரே ஆய்வை வைத்து எல்லாவற்றையும் முடிவு செய்ய முடியாது, சிறிய அளவு மருந்தோடு ஒரே நரம்பில் செய்த ஆய்வு அது. ஆனாலும் என்னை அசைத்துப் பார்த்த ஆய்வு.

இனி நரம்போரம் போடுவதன் சிக்கல்களுக்கு வருகிறேன். அந்த வழியில் போட டெக்சாவுக்கு முறையான ஒப்புதல் இல்லை. மருத்துவர்கள் தங்கள் பொறுப்பில்தான் போடுகிறார்கள். இதுவரை நிறையப் பேருக்குப் போட்டிருக்கிறார்கள், நரம்பு கெட்டுப்போனதாகப் பெரிய புகார்கள் எழவில்லை. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிளாக்கினால் நிரந்தர நரம்புப் பாதிப்பு வருவதே மிக அரிது. அரிதான ஒன்று கொஞ்சம் கூடியிருக்கிறதா என்று கண்டுபிடிக்க, சில ஆயிரம் பேர் கொண்ட ஆய்வுகள் போதாது. அப்புறம் வேதியியல். டெக்சா பாஸ்பேட் காரத்தன்மை கொண்டது; ரோபிவாகேன் அமிலக் கரைசலில்தான் கரைந்து நிற்கும். இரண்டையும் ஒரே சிரிஞ்சில் கலந்தால் படிகங்கள் உருவாகின்றன என்பது பதிவாகியிருக்கிறது. பியூபிவாகேனில் இந்தத் தொல்லை குறைவு. படிகம் மிதக்கும் கரைசலை நரம்புக் கொத்தைச் சுற்றிச் செலுத்த எனக்கு மனம் வராது.

எல்லா ஸ்டீராய்டும் ஒன்றில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். டெக்சா நீரில் முழுமையாகக் கரைவது. மூட்டுகளில் போடும் ட்ரையம்சினலோன், மெத்தில்பிரெட்னிசலோன் அசிட்டேட் போன்றவை நுண்துகள்களாக மிதப்பவை. கழுத்து வலிக்கு முதுகுத்தண்டருகே இந்தத் துகள் மருந்துகளைப் போடும்போது, அவை தவறி ரத்தக்குழாய்க்குள் போய் அடைத்து, பக்கவாதமும் பார்வையிழப்பும் மரணமும்கூட நேர்ந்திருக்கின்றன. 2014இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., முதுகுத்தண்டில் போடும் ஸ்டீராய்டு ஊசிகள் பற்றி எச்சரிக்கை விடுத்ததும் இத்தகைய விபரீதங்களுக்காகத்தான். அவற்றை டெக்சாவுக்கு மாற்றாக பிளாக்கில் சேர்ப்பதை நான் ஏற்கவே மாட்டேன்.

சரி, ரத்தத்தில் போடுவதில் சங்கடமே இல்லையா? உண்டு. விழித்திருக்கும் நோயாளிக்கு டெக்சாவை வேகமாகத் தள்ளினால் அந்தரங்கப் பகுதியில் சுள்ளென்று அரிப்பும் எரிச்சலும் வரும். அரை நிமிடத்தில் அடங்கிவிடும், ஆனால் முன்கூட்டிச் சொல்லாவிட்டால் நோயாளி பதறிப்போவார், வெளியே சொல்லவும் கூசுவார். சலைனில் கலந்து மெதுவாக ஏற்றினால் பெரும்பாலும் தப்பலாம். சர்க்கரை கொஞ்சம் ஏறும். சர்க்கரை நோயாளிகளுக்கு நான் 4 மி.கி.யோடு நிறுத்திக்கொண்டு, மறுநாள் வரை அளவைப் பார்க்கச் சொல்வேன். இந்த விஷயத்தில் நரம்போரம் போடுவோரும் தப்ப முடியாது. எங்கே போட்டாலும் மருந்து கடைசியில் ரத்தத்துக்குத்தான் வருகிறது.

“ஸ்டீராய்டா? வேண்டாம் மேடம், உடம்பு ஊதிப்போகும்” என்று சொல்லும் குடும்பங்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். பயத்துக்குக் காரணம் இருக்கிறது. மூட்டுவலிக்கும் இழைப்புக்கும் மாதக்கணக்கில் தெரியாமலே ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டு, முகம் வீங்கி, எலும்பு தேய்ந்து வந்தவர்கள் நம் ஊர்களில் நிறைய. அவர்களிடம் “அம்மா, அது மாதக்கணக்கில் போட்டது, இது ஒரே ஒரு தடவை” என்று உட்கார்ந்து சொல்ல வேண்டும். புண் ஆறாமல் போகுமோ, சீழ் பிடிக்குமோ என்ற கவலைக்கும் இப்போது உறுதியான பதில் கிடைத்திருக்கிறது. 2021இல் வெளியான ‘பாடி’ (PADDI) ஆய்வில் எட்டாயிரத்துக்கும் அதிகமானவர்கள் பங்கெடுத்தார்கள், சர்க்கரை நோயாளிகளும் அதில் உண்டு. 8 மி.கி. டெக்சாவை ரத்தத்தில் பெற்றவர்களில் 8.1 சதவீதத்தினருக்கும் பெறாதவர்களில் 9.1 சதவீதத்தினருக்கும் காயத்தில் தொற்று ஏற்பட்டது. கூடவில்லை. இந்த அளவுக்குப் பெரிய ஆய்வு நரம்போர வழிக்குக் கிடையாது. நான் ரத்தத்தில் போடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

நீண்ட பிளாக் எல்லோருக்கும் நல்லது என்றும் நான் நினைக்கவில்லை. முன்கை எலும்பு நசுங்கி உடைந்தவருக்குத் தசைகளுக்குள் அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் நின்றுபோகிற ஆபத்து உண்டு. அதற்கு முதல் எச்சரிக்கை தாங்கமுடியாத வலி. இருபது மணி நேரம் வலியே தெரியாமல் செய்துவிட்டால் அந்த எச்சரிக்கையை அறுவை மருத்துவர் எப்படிக் கேட்பார்? இத்தகைய நோயாளிகளில் பிளாக் போடுவதா, எவ்வளவு நேரத்துக்கு என்பதை நாங்கள் இருவரும் முன்பே பேசி முடிவெடுப்போம். கழுத்தில் மேலே போடும் பிளாக் மூச்சுவிட உதவும் உதரவிதானத்தை ஒருபக்கம் சேர்த்துச் செயலிழக்க வைக்கும். நுரையீரல் பலவீனமானவருக்கு அதை நீட்டிப்பது தண்டனை. மற்றவர்களுக்கும், ஒரு நாள் முழுக்கக் கை தன் வசமில்லாமல் கிடப்பது எளிதல்ல. தூக்குத்துணியில் மாட்டிவைக்க வேண்டும், சூடான பாத்திரம் பக்கத்தில் வரக்கூடாது, தூக்கத்தில் கையின் மேல் படுத்துவிடக்கூடாது. கை போய்விட்டது என்று நடுராத்திரியில் அழுதவர்கள் உண்டு. முதல் நாளே சொல்லியிருந்தால் அழுதிருக்க மாட்டார்கள்.

பிளாக் இறங்கும்போது வலி திடீரென்று பாய்வதைப் பற்றி 2021இல் வந்த ஓர் ஆய்வில், பிளாக் பெற்றவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேருக்கு அது நேர்ந்திருந்தது. இளம் வயது, பெண்ணாக இருப்பது, எலும்பில் அறுவை சிகிச்சை ஆகியவற்றோடு, ரத்தத்தில் டெக்சா பெறாததும் ஆபத்தைக் கூட்டும் காரணியாகத் தெரிந்தது. ஆனால் டெக்சா போட்டுவிட்டோமே என்று மாத்திரையை விட்டுவிடக்கூடாது. பிளாக் முழுதாக இருக்கும்போதே பாரசிட்டமாலை மணிக்கணக்குப்படி தொடங்கிவிட வேண்டும். சிறுநீரகமும் வயிறும் சரியாக இருந்தால் கூடவே வேறொரு வலி நிவாரணியும். “வலியே இல்லையே, எதுக்கு மாத்திரை?” என்று நோயாளி கேட்பார். நியாயமான கேள்விதான், பதிலைப் பொறுமையாகச் சொன்னால் சாப்பிட்டுவிடுவார்.

அதனால் நான் குறிப்பேட்டில் மூன்று விஷயங்களைப் பெரிய எழுத்தில் எழுதிவிடுவேன்: பிளாக் போட்ட மணி, டெக்சாவின் அளவும் அது ரத்தத்தில் போனது என்பதும், மரப்பு எத்தனை மணிவாக்கில் இறங்கக்கூடும் என்பதும். துணைக்கு இருப்பவரிடம் தனியாக ஒரு வார்த்தை: விரல் நுனியில் குறுகுறுப்பு தொடங்கினால் வலிக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள், எத்தனை மணியானாலும் நர்ஸை எழுப்பி அடுத்த மாத்திரையைக் கேளுங்கள்.